டம்மியின் மூட்டைக் காப்பது ஒரு தொழில்

விபத்துச் சோதனைக்கூடம் என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சுவரில் மோதி நொறுங்கும் கார்தான். அந்த மோதல் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு முன்னும் பின்னும் நாள்கணக்கில் நடப்பதுதான் உண்மையான வேலை. அந்த வேலையின் நடுவில் இருப்பது டம்மி. உருக்கும் அலுமினியமும் எலும்புக்கூடாக, வினைல் தோலாக, ஆள் உயரத்துக்கும் ஆள் எடைக்கும் செய்யப்பட்ட பொம்மை. அதன் மூட்டு தேயாமல், தோல் கிழியாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கைக்கு இந்தத் துறையில் மதிப்பு அதிகம். ஐடிஐ ஃபிட்டர், டிப்ளமோ மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படித்தவர்களில் இந்தப் பக்கம் யோசிப்பவர்கள் குறைவு. அவர்கள் யோசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வேலை எங்கே இருக்கிறது?

இந்தியாவில் புதிதாக வரும் கார் மாடல்களுக்கு முன்பக்க, பக்கவாட்டு மோதல் சோதனைகள் 2017 அக்டோபர் 1 முதல் கட்டாயமாயின. ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் 2019 அக்டோபரில் அது நீண்டது. அடுத்து, 2023 அக்டோபர் 1 அன்று பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. கட்டாய முன்பக்கச் சோதனையில் கார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதுகிறது. நட்சத்திர மதிப்பீட்டில் 64 கிலோமீட்டர். ஷோரூமில் காரை வாங்க நிற்கும் குடும்பம் பார்க்கும் நட்சத்திரங்களுக்குப் பின்னால் இந்த டம்மிகள் தந்த எண்கள் இருக்கின்றன.

புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஊரில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஜிஏஆர்சி என்கிற உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் ஆகியவை இத்தகைய சோதனைகளுக்கான இடங்கள். கார் கம்பெனிகளின் சொந்தச் சோதனைக்கூடங்களும், சீட், சீட் பெல்ட், ஏர்பேக் செய்யும் நிறுவனங்களின் ஸ்லெட் கூடங்களும் தனி. ஸ்லெட் என்றால் முழுக் காரை நொறுக்காமல், தண்டவாளத்தில் ஓடும் ஒரு மேடையில் சீட்டையும் டம்மியையும் வைத்து அதே அதிர்ச்சியைக் கொடுக்கும் அமைப்பு. கார் உடைவதில்லை என்பதால் ஸ்லெட்டில் சோதனைகள் அடுத்தடுத்து நடக்கும். டம்மி வேகமாகத் தேய்வதும் அங்கேதான்.

நீங்கள் கையாளப்போகும் ஆள்

முன்பக்க மோதலில் நெடுங்காலமாக உட்காருவது ஹைப்ரிட் 3 என்கிற டம்மி. ஜெனரல் மோட்டார்ஸ் 1976இல் உருவாக்கியது. இதற்கெல்லாம் மூத்தது 1949இல் அமெரிக்க விமானப்படையின் வெளியேற்று இருக்கைகளைச் சோதிக்கச் செய்த சியரா சாம். ஹைப்ரிட் 3 நடுத்தர ஆணின் எடை 78 கிலோ. நின்றால் உயரம் சுமார் 175 செ.மீ. சிறிய உடல்வாகுப் பெண் டம்மியின் எடை 49 கிலோ, பெரிய ஆணுடையது 101 கிலோ. மண்டை ஓடு வார்ப்பு அலுமினியம். கழுத்து, ரப்பரும் அலுமினியத் தட்டும் மாறி மாறி அடுக்கியது. நடுவே ஒரு உருக்குக் கம்பிவடம் ஓடும். மார்பில் ஆறு உருக்கு விலா எலும்புகள், அவற்றின் உட்புறம் அதிர்வை உறிஞ்சும் பாலிமர் பட்டை. இடுப்பு, அலுமினிய வார்ப்பின் மேல் வினைலும் நுரையும். தொடை எலும்பு இடுப்பில் பந்து மூட்டாகச் சேர்கிறது. முழங்கால், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் போல்ட், வாஷர், புஷ் வைத்து இறுக்கிய உராய்வு மூட்டுகள்.

அந்த ‘உராய்வு’ என்கிற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவுக் கீல் லேசாகத் திரும்ப வேண்டும் என்று நாம் பழகியிருக்கிறோம். டம்மியின் மூட்டு அப்படித் திரும்பக் கூடாது. ஒரு குறிப்பிட்ட அளவு பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். பிடி அளவுக்குக் குறைந்தால் மோதலில் கை தறிகெட்டுப் பறந்து டேஷ்போர்டில் அடிக்கும். அளவுக்கு மிஞ்சினால் கால் நகர வேண்டிய இடத்தில் நகராமல் நின்று, தொடை எலும்பில் சுமையை அளக்கும் லோட் செல் பொய்யான எண்ணைக் காட்டும். இரண்டிலும் காரைப் பற்றிய தீர்ப்பு கெடுகிறது. ஆகவே மூட்டுப் பராமரிப்பைப் பொம்மையின் ஆயுள் விஷயமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அளவுகோலைச் சரியாக வைத்திருக்கும் வேலை அது.

ஒரு ஜி: முதல் வாரத்தில் கற்க வேண்டியது

மூட்டு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? சோதனைக்கூடங்களில் இதை ‘ஒரு ஜி செட்டிங்’ என்பார்கள்; ஜி என்றால் புவியீர்ப்பு. கையை நீட்டிப் பிடித்து விட்டால் அது தன் எடையைத் தானே தாங்கி அப்படியே நிற்க வேண்டும். விரலால் மெல்லத் தட்டினால் இறங்க வேண்டும். விதிமுறைகள் ஒரு ஜி முதல் இரண்டு ஜி வரை என்று எல்லை தருகின்றன.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் தேய்மானத்தின் பெரும்பகுதி இங்கே பிறக்கிறது. தோளிலிருந்து தொடங்கி வெளிநோக்கிப் போக வேண்டும். தோள், முழங்கை, மணிக்கட்டு, இந்த வரிசையில். முழுக் கையையும் பக்கவாட்டில் தரைக்கு இணையாக நீட்டி, முழங்கை தானாகக் கீழே மடங்காதபடி திருப்பிவைத்து, தோள் போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கையை விடுங்கள். நின்றால், மணிக்கட்டின் மேல் ஒரு தட்டு. இறங்கினால் சரி. அடுத்து முழங்கை. காலுக்கு, மார்பு ஜாக்கெட்டையும் வயிற்றுப் பகுதியையும் கழற்றி, தொடையைக் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே தூக்கி, இடுப்புப் பந்து மூட்டின் திருகைச் சரிசெய்ய வேண்டும். பிறகு காலை நீட்டி முழங்கால், கடைசியில் கணுக்கால். வெளிமூட்டை முதலில் சரிசெய்துவிட்டு உள்ளே போனால் இரண்டாவது முறை எல்லாவற்றையும் தொட வேண்டியிருக்கும். வீணாகத் திருகும் ஒவ்வொரு தடவையும் வாஷருக்குச் செலவு.

இதைச் சோதனைக்கு எவ்வளவு அருகில் செய்ய முடியுமோ அவ்வளவு அருகில் செய்ய வேண்டும். ஐரோப்பிய நட்சத்திர மதிப்பீடான யூரோ என்கேப்பின் நடைமுறை 24 மணி நேரத்துக்கு முன்னதாகச் செய்த செட்டிங்கை ஏற்பதில்லை. இறுக்கிய மூட்டு சும்மா இருக்கும்போதே கொஞ்சம் தளரும் என்பது காரணம். நேற்றே முடித்துவிட்டேன் என்று பெருமைப்படும் வேலையல்ல இது.

புதிதாக வருபவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. கை நிற்கவில்லையா, இன்னும் ஒரு சுற்று. இன்னும் நிற்கவில்லையா, இன்னும் ஒரு சுற்று. நிற்காததற்குக் காரணம் போல்ட் தளர்ந்தது அல்ல. உள்ளே வாஷர் தேய்ந்து பளபளத்துவிட்டது. பளபளத்த வாஷர் எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். அதை அறியாமல் பலம் கொடுத்தால் புஷ் நசுங்கும், அடுத்து அலுமினியத்தில் வெட்டிய மரை அழியும். சில நூறு ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை மூட்டையே மாற்றுவதில் போய் நிற்கும். என் விதி இது: வழக்கமான சுற்றுக்கு மேல் கால் சுற்று தேவைப்பட்டால் இறுக்குவதை நிறுத்துங்கள், மூட்டைப் பிரியுங்கள். வாஷரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல வாஷரின் முகம் மங்கலாக, ஒரே சீராக இருக்கும். தேய்ந்ததில் வட்டமாக ஒரு கண்ணாடிப் பளபளப்பு தெரியும். மூட்டைச் சுற்றிச் சாம்பல் நிறத் தூள் படிந்திருந்தால் உலோகம் உலோகத்தில் உரசத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த டம்மி அன்றைக்குச் சோதனைக்குப் போகக் கூடாது.

இன்னொன்று, எண்ணெய். ஃபிட்டராகப் பயின்ற கைக்கு மூட்டைப் பார்த்ததும் எண்ணெய்க் குப்பி தேடும் பழக்கம் வந்துவிடும். இங்கே அதை விட்டுவிடுங்கள். உராய்வு மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் ஒரு ஜி நிற்காது. எண்ணெய் வழிந்து கழுத்து ரப்பரையும் முதுகின் கீழ்ப்பகுதி ரப்பரையும் ஊறவைக்கும். கையேடு எந்த இடத்தில் எந்த மசகு என்று சொல்லியிருக்கிறதோ அங்கே மட்டும், அதையே மட்டும்.

கழுத்துக் கம்பிவடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் நட்டுக்கு 1.4 நியூட்டன் மீட்டர் டார்க். விரல் பலத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். கை உணர்வில் இதை யாராலும் சரியாக வைக்க முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் சிறிய டார்க் ரெஞ்ச் எடுங்கள். அந்த ரெஞ்சின் அளவுத்திருத்தத் தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு.

மோதலைவிடத் தூக்குவது ஆபத்து

டம்மி மோதலுக்காகச் செய்யப்பட்டது. ஒரு கையை ஒருவரும் இன்னொரு கையை இன்னொருவரும் பிடித்து இழுப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. 78 கிலோவும் தோள் மூட்டில் தொங்கும்போது தோள்பட்டையின் இணைப்புகள் திட்டமிடாத திசையில் வளையும். அக்குளில் தோல் இழுபட்டுக் கிழியத் தொடங்கும். தலையைப் பிடித்துத் தூக்குவது இதைவிட மோசம். முழு எடையும் கழுத்துக் கம்பிவடத்தில் விழுகிறது. கிழிந்த தோல்களையும் தளர்ந்த தோள்களையும் பார்த்தால், அவற்றில் பல சோதனைக்கூடத்தின் தரையில் உண்டானவை என்பது என் தீர்மானமான கருத்து.

ஹாய்ஸ்ட் இல்லாமல் டம்மியைத் தொடாதீர்கள். தயாரிப்பாளர் கையேடு காட்டும் இடத்தில் தூக்குக் கொக்கியையோ அகலப் பட்டையையோ மாட்டுங்கள். சங்கிலி நேராகத் தோலில் படக் கூடாது. காருக்குள் இறக்கும்போது ஒருவர் ஹாய்ஸ்டை இயக்க, ஒருவர் இடுப்பை வழிநடத்த, மூன்றாமவர் கால்களைக் கதவு விளிம்பில் உரசாமல் உள்ளே கொண்டுவர வேண்டும். கதவு ஓரத்தின் தகடும் சீட் தண்டவாளத்தின் முனையும் கெண்டைக்கால் தோலைக் கிழிக்கும் இடங்கள். அங்கே ஒரு பழைய துணியையோ நுரை விரிப்பையோ போட்டுவைத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. உங்கள் முதுகுக்கும் இதுவே பாதுகாப்பு. கம்பெனியில் ஹாய்ஸ்ட் பழுது, கையாலேயே தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால், மறுத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைப் பணிவாக, உறுதியாகப் பயன்படுத்துங்கள்.

உட்கார வைத்த பிறகும் கவனம் வேண்டும். டம்மி சீட்டில் நேரடியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்காரக் கூடாது. அதற்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் சீட்டின் மேல் பிளைவுட் பலகை போட்டு அதன் மேல் உட்கார வைக்க வேண்டும். இரவு முழுக்க விட்டுவிட்டுப் போகக் கூடாது. இந்த விதி முதலில் சீட்டின் நுரை அமுங்கிவிடக் கூடாது என்பதற்கானது. இதே தர்க்கம் டம்மியின் இடுப்புத் தோலுக்கும் பொருந்தும். வினைலும் நுரையும் நெடுநேரம் ஒரே இடத்தில் அழுந்தினால் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்ளும். எனவே சேமிப்பு அறையில் டம்மியின் எடையில் பெரும்பகுதியைத் தொங்கும் கொக்கி தாங்க வேண்டும். பிட்டம் இருக்கையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். கால்கள் முறுக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. சன்னலோரம் வேண்டாம். வெயில் வினைலை விறைக்கவைக்கும், விறைத்த வினைல்தான் மடிப்பில் முதலில் வெடிக்கும்.

தோல் கிழிவது எங்கே தொடங்குகிறது?

எப்போதும் விளிம்பில்தான். போல்ட்டைத் திருக விட்ட துளையின் ஓரம், ஜாக்கெட் ஜிப்பின் முனை, கவட்டி, முழங்காலின் பின்மடிப்பு, கணுக்காலின் மேல்பகுதி. அங்கெல்லாம் சோதனை முடிந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் விரலுக்குத் தெரியும். அரை சென்டிமீட்டரில் பிடித்த கிழிசலை ஒட்டலாம். அடுத்த மோதலுக்குப் பிறகு அது விரற்கடை நீளத்துக்குப் போயிருக்கும்.

ஒட்டும் முறை எளிது, பொறுமை வேண்டும். கிழிந்த இடத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து முற்றிலும் உலரவிடுங்கள். தயாரிப்பாளர் தரும் வினைல் ஒட்டுத்துண்டை வைத்து, வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய தட்டை முனை அயர்னால் இரண்டையும் உருக்கிச் சேர்க்க வேண்டும். முனை கருகும் அளவு சூடானால் வினைல் பழுப்பாகி உடையும். சூடாகும் வினைலின் புகை மூச்சுக்குழாயை எரிக்கும். எனவே புகையுறிஞ்சி ஓடும் மேசையில் மட்டும் செய்யுங்கள். மூலையில் உட்கார்ந்து மின்விசிறியைப் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள்.

கடையில் கிடைக்கும் உடனடிப் பசை வேண்டாம். அது கண்ணாடிபோல் விறைத்து, தன் ஓரத்திலேயே புதுக் கிழிசலை உண்டாக்கும். டேப் ஒட்டினால் பசை தங்கி அழுக்கைப் பிடிக்கும். அசிட்டோனும் தின்னரும் தோலையே கரைக்கும். சோதனைக்கு முன் முகத்திலும் முழங்காலிலும் பூசும் வண்ணத்தை, எது எதில் பட்டது என்று பார்த்துக் குறித்த கையோடு துடைத்துவிடுங்கள். நாள் கடந்தால் தேய்க்க வேண்டிவரும், தேய்ப்பதும் ஒரு தேய்மானம்தான்.

எல்லாக் கிழிசலையும் ஒட்டலாமா? கூடாது. ஒட்டுத்துண்டு அந்த இடத்தின் கனத்தையும் விறைப்பையும் மாற்றுகிறது. கெண்டைக்காலின் பின்பக்கம் என்றால் பெரிய பாதகமில்லை. முழங்கால் முன்பக்கம், நெற்றி, இடுப்பின் முன்விளிம்பு ஆகியவை அளவெடுப்பில் நேரடியாகப் பங்கேற்கும் இடங்கள். அங்கே தோலை மாற்றிவிட்டுத் திரும்பச் சான்றிட வேண்டும். அந்தச் சான்றுக்காகத் தலையை 376 மி.மீ. உயரத்திலிருந்து உருக்குத் தகட்டின் மேல் விழவிட்டு, முடுக்கம் 225 ஜிக்கும் 275 ஜிக்கும் இடையில் வருகிறதா என்று பார்ப்பார்கள். முழங்காலை 5 கிலோ மோது தண்டால் விநாடிக்கு 2.1 மீட்டர் வேகத்தில் இடிப்பார்கள். மார்பை 23.4 கிலோ மோது தண்டால் விநாடிக்கு 6.7 மீட்டர் வேகத்தில். ஒரே பாகத்தைத் திரும்பச் சோதிப்பதற்கு முன் குறைந்தது 30 நிமிடம், தலை என்றால் மூன்று மணி நேரம் விட வேண்டும். ரப்பரும் பாலிமரும் பழைய நிலைக்குத் திரும்ப அந்த நேரம் ஆகும். அவசரப்பட்டால் நல்ல பாகமும் தேறாததாகத் தோன்றும்.

ஏசி ஒரு கருவி

மார்புச் சான்றுச் சோதனைக்கான வெப்பநிலை 20.6 முதல் 22.2 டிகிரி செல்சியஸ் வரை. ஈரப்பதம் 10 முதல் 70 சதவீதம். விலா எலும்பின் பாலிமர் பட்டை வெப்பத்தில் இளகும், குளிரில் விறைக்கும்; அதனால்தான் இவ்வளவு குறுகிய எல்லை. டம்மி பல மணி நேரம் அந்த அறையில் ஊறியிருக்க வேண்டும். மேல்தோல் சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்ளே இருக்கும் உலோகமும் நுரையும் மெதுவாகத்தான் குளிரும். சென்னைப் பக்கத்து மே மாதத்தில் சேமிப்பு அறை ஏசி இரவில் நின்றுபோனால் மறுநாள் சோதனையைத் தள்ளிவைப்பதுதான் சரி. இதை மேலாளரிடம் சொல்லும் துணிவு டெக்னீஷியனுக்கு வேண்டும். ஈரப்பதமும் சும்மா விடாது. உருக்கு போல்ட்டின் தலையில் துரு பூத்தால் அது போல்ட் அமரும் அலுமினிய முகத்தை அரிக்கும். கடலோர ஊரில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

மோதல் முடிந்தவுடன்

ஓடிப்போய் டம்மியை வெளியே இழுக்க வேண்டாம். காரின் பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டதா, வெடிக்காமல் மிச்சமிருக்கும் ஏர்பேக் உண்டா என்று பொறுப்பாளர் பார்த்துச் சொன்ன பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். மின்சாரக் கார் என்றால் உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவர் அனுமதி தரும்வரை தொடாதீர்கள். முதலில் படம், பிறகு குறிப்பு, பிறகுதான் பெல்ட்டைக் கழற்றுவது. கால் சிக்கியிருந்தால் காரை வெட்டுங்கள், காலை முறுக்காதீர்கள். கார் எப்படியும் கழிவுக்குப் போகிறது.

வெளியே எடுத்ததும் கண்ணாடித் துகளைத் தட்டி உதிர்க்காமல் உறிஞ்சி எடுங்கள். ஒரு துகள் முழங்கால் மூட்டுக்குள் போனால் அடுத்த முறை திருப்பும்போது வாஷரை அறுத்துவிடும். ஏர்பேக் தூளை ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். அளவுக்கருவிகளின் கேபிள்கள் மூட்டுகளைக் கடக்கும் இடங்களைப் பாருங்கள். ஒவ்வொரு மூட்டையும் அதன் முழு வீச்சுக்கு மடக்கி நீட்டினாலும் கேபிள் விறைக்காதபடி தளர்வு விட்டுக் கட்டியிருக்க வேண்டும். தளர்வு மிஞ்சினால் கேபிள் மூட்டுக்குள் நசுங்கும், குறைந்தால் பிய்யும். ஒரு கேபிள் பிய்ந்தால் அந்த சேனலின் தரவு போயிற்று; அதற்காக இன்னொரு காரை மோதவைக்கச் சொல்ல முடியாது.

நோட்டுப் புத்தகம்

நல்ல டெக்னீஷியனையும் சாதாரண டெக்னீஷியனையும் பிரிப்பது பதிவேடு. டம்மி எண், சோதனை எண், எந்த மூட்டை எப்போது பிரித்தது, எந்த வாஷர் மாற்றியது, எந்தத் தோலில் எவ்வளவு நீளக் கிழிசல், யார் செய்தது. மூன்று மாதப் பதிவைப் புரட்டினால் இடது முழங்கை மட்டும் ஏன் அடிக்கடி வருகிறது என்று தெரிந்துவிடும். சோதனைக்கூடங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற கூடமாக இருந்தால் தணிக்கைக்கு வருபவர் கேட்கும் முதல் சில விஷயங்களில் இதுவும் இருக்கும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்கள் கை தவறி ஒரு மரை அழிந்தாலும் எழுதுங்கள். மறைத்த மரை அடுத்த சோதனையில் வேறொருவர் தலையில் விழும், அந்தக் காரை வாங்கும் குடும்பத்தின் தலையிலும் விழும்.

இதே திறமைக்கு வேறு கதவுகள்

மருத்துவக் கல்லூரிகளிலும் நர்சிங் கல்லூரிகளிலும் திறன் ஆய்வகங்கள் இருக்கின்றன. அங்கே மாணவர்கள் ஊசி போட, குழாய் செருக, நெஞ்சை அழுத்திப் பழகுவது ஆளுயர மேனிகின்களில். இதயமீட்புப் பயிற்சிப் பொம்மையான ரெசசி ஆன் 1960இல் நார்வேயில் பிறந்தது. அதற்குப் பின் வந்தவை மூச்சுவிடவும் நாடி துடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டன. பராமரிப்புக்கு ஆள் பல கல்லூரிகளில் தனியாக இல்லை. ஆய்வக உதவியாளரே பார்த்துக்கொள்கிறார். மூட்டைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்தவர் அங்கே தனித்துத் தெரிவார். அங்கேயும் இதே பாடம்தான்: கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் மாற்றாதீர்கள், விரிப்போடு சேர்த்து நகர்த்துங்கள். பால்பாயிண்ட் பேனா மையும் அயோடினும் தோலில் பட்டால் போகவே போகாது. செய்தித்தாளைக்கூட மேனிகினுக்கு அடியில் விரிக்கக் கூடாது, அச்சு மை ஏறிவிடும். தீயணைப்பு மீட்புப் பயிற்சிக்கான பொம்மைகள் தரையில் இழுபடுவதற்கென்றே இருப்பவை. அவற்றுக்குக் கெட்டித் துணிச் சட்டையும் காலணியும் மாட்டினாலே பாதி தேய்மானம் குறையும்.

நேர்முகத் தேர்வுக்குப் போகும்முன்

டம்மியைத் தொட்ட அனுபவம் புதியவரிடம் இருக்காது என்று கேட்பவருக்கும் தெரியும். அவர் தேடுவது கையின் ஒழுக்கத்தை. டார்க் ரெஞ்சைச் சரியாகப் பிடிப்பது, சிறிய போல்ட்டில் மரை கோணாமல் ஏற்றுவது, வெர்னியர் படிப்பது, கழற்றிய பாகங்களைக் கழற்றிய வரிசையில் தட்டில் அடுக்குவது. இவற்றை உங்கள் கல்லூரிப் பட்டறையிலேயே பழகலாம். சென்சார், கேபிள் இணைப்பு, தரவு சேகரிப்புக் கருவி பற்றி அடிப்படை தெரிந்தால் இன்ஸ்ட்ருமென்டேஷன் பக்கமும் நகர முடியும். சம்பளம் கூடுவது அந்தப் பக்கம்தான். ஆங்கிலக் கையேட்டை அகராதி துணையோடாவது வாசிக்கும் பழக்கம் வேண்டும், ஏனென்றால் டம்மிகளின் கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. பெண்களுக்கு இந்த வேலை பொருந்துமா என்று தயங்க வேண்டாம். எடையைத் தூக்குவது ஹாய்ஸ்ட்.

“இந்த மூட்டு நிற்கவில்லை, என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால், “இன்னும் இறுக்குவேன்” என்று சொல்லாதீர்கள். “பிரித்து வாஷரைப் பார்ப்பேன், பதிவேட்டில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பார்ப்பேன்” என்று சொல்லுங்கள். நீங்களும் அவர்களிடம் கேளுங்கள்: டம்மி அறையின் ஏசி இரவில் ஓடுமா, ஹாய்ஸ்ட் எத்தனை இருக்கிறது, உதிரி வாஷர் கையிருப்பில் உண்டா? இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் சோதனைக்கூடத்தில் சேருங்கள். மத்திய அரசின் தொழிற்பழகுநர் இணையதளத்தில் இன்றே உங்கள் பெயரைப் பதிந்துவையுங்கள். மேலே சொன்ன மையங்களின் இணையதளங்களில் வேலை அறிவிப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள்.